கப்பலுக்குப் போன முப்பத்தாறு மூட்டை

கடலே இல்லாத திருவண்ணாமலையில் ஒருவர் கப்பல் கட்டினார். பார்க்க ஜனம் வண்டி வைத்துக்கொண்டு வந்தது. கப்பல் என்ன அழகு, கட்டியவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தக் கப்பலின் வயிற்றில் குவிந்து கிடந்த கண்ணாடிச் சில்லு யார் வீட்டுப் பொருள் என்று மட்டும் ஒரு வாய் கேட்கவில்லை. அது ரஹமத்துன்னிசாவின் பொருள். மொத்தம் முப்பத்தாறு மூட்டை. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் ரஹமத்துன்னிசாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயசு. ஒல்லி உடம்பு, உரத்த குரல், மூக்குக்கு மேலே கோபம். வேங்கிக்காலில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தகரக் கொட்டகையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் வைத்திருக்கிறாள். அங்கே உடைந்த கண்ணாடியைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவள் கணவர் கலீல் ரஹ்மான் லோடு ஆட்டோவில் லாட்ஜ், ஓட்டல், ஜூஸ் கடை, ஜன்னல் பட்டறை என்று சுற்றிப் பாட்டிலும் உடைசலுமாக ஏற்றி வருவார். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் காசியும் அவன் மனைவி கஸ்தூரியும் ரஹமத்துன்னிசாவோடு உட்கார்ந்து அதை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பிரித்ததைக் கழுவி, உடைத்து, கோணியில் கட்டி, லாரியில் கண்ணாடி ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே உலையில் உருகி, புது பாட்டிலாகத் திரும்ப இதே ஊர்க் கடைகளுக்கு வரும். பத்தொன்பது வருஷமாக நடக்கிற வேலை இது.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஜன்னல் கண்ணாடியை நேரே பார்த்தால் வெள்ளையாக இருக்கும். உடைந்த ஓரத்தைப் பார்த்தால் பச்சை தெரியும். வெள்ளைக் குவியலில் அதைப் போட்டால் மொத்தச் சரக்கும் நிறம் மாறிப் போகும். ரஹமத்துன்னிசா ஒரு சில்லின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, ஓரத்தைத்தான் பார்ப்பாள். பார்த்துப் புரியாவிட்டால் இன்னொரு சில்லால் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்பாள். அவள் வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் ஒழுங்காக வளராது. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால் அதற்கும் கோபம் வரும்.

கிடங்கு வைத்த நாலாவது வருஷம் ஆலைக்குப் போன ஒரு லாரி அப்படியே திரும்பி வந்தது. உள்ளே பீங்கான் கிடந்ததாம். பீங்கான் உலையில் உருகாது. கல்லாக நின்று, புது பாட்டிலின் உடம்பில் உட்கார்ந்துகொள்ளும். அந்த பாட்டிலில் எதையாவது ஊற்றி மூடினால் அந்த இடத்தில் வெடிக்கும். ஆலைக்காரர்கள் வாசலிலேயே மறித்து, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ரஹமத்துன்னிசா லாரிச் சரக்கு முழுவதையும் கொட்டகையில் கொட்டச் சொல்லி, கஸ்தூரியோடு பதினொரு நாள் உட்கார்ந்தாள். ஐந்து துண்டுகள் கிடைத்தன. எல்லாம் ஒரே டீ கோப்பையின் துண்டுகள். கோப்பையின் பிடியைக் கேட்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது.

அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை கேட்டைத் தாண்டாது. என்ன நிறம், எத்தனை மூட்டை, பொறுக்கியது யார், எடுத்துப் போகிறவர் யார், எல்லாம் எழுதி, எடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். கட்டின கணவருக்கும் அதே சட்டம்தான். நிக்காஹ் அன்றைக்குப் போட்ட ஒரு கையெழுத்தோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று கலீல் ரஹ்மான் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் சொல்ல மாட்டார்.

அவர்கள் வந்தபோது சுற்றிலும் முள்ளுக்காடு. பாம்பு பயத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பிறகு மனை பிரித்தார்கள், வீடுகள் வந்தன, வீட்டுக்காரர்களுக்கு மூக்கும் கண்ணும் வந்தன. கண்ணாடிக்கு நாற்றம் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கம் போகிறபோது கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு போகிறவர்களை ரஹமத்துன்னிசா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டு நிறுத்தி, எது நாறுகிறது என்று கேட்டும் இருக்கிறாள்.

கடைசியாக வந்தவர் கலையரசன். வெளிநாட்டில் ஏற்றுமதி வியாபாரம் செய்து ஓய்ந்து, ஊர் திரும்பி, கிடங்கை ஒட்டிய இரண்டு ஏக்கரில் கடல்வழி மண்டபம் என்று ஓர் அருங்காட்சியகம் கட்டினார். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் அப்படியே இதையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் யோசனை. மண்டபத்தின் நடுவில் பழங்காலக் கப்பல் ஒன்றை நெடுக்காக வெட்டிவைத்த மாதிரி, உள்வயிறு தெரியும்படி பலகையால் கட்டினார். வயிற்றுக்குள் வைக்கச் சரக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒரு வியாழக்கிழமை ரஹமத்துன்னிசாவின் கேட்டைத் தட்டினார்.

கூட வினோதினி என்ற பெண்ணும் வந்தாள். பழங்காலக் கண்ணாடியைப் பற்றிப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். மண்டபத்துச் சுவர்களில் மாட்டும் விளக்கப் பலகைகளை எழுதுவதற்காக ஒரு வருஷத்துக்கு வேலைக்கு வைத்திருந்தார்கள். கலையரசன் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்க, அவள் குவியல் குவியலாக நடந்து பார்த்தாள். ஒரு பச்சைச் சில்லை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் ரஹமத்துன்னிசாவுக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். கலையரசனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தாள். பின்னால் அவள் வயிறு எரிந்ததெல்லாம் அந்த ஒரு டம்ளர் டீயை நினைத்துத்தான்.

எந்தக் கப்பலைக் காட்டப் போகிறார்கள் என்று வினோதினி விவரமாகச் சொன்னாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சிரியாப் பக்கமிருந்து புறப்பட்டு, துருக்கிக் கரையோரம் முழுகிய கப்பல். கடலுக்கடியிலிருந்து அதை எடுத்தவர்கள் உள்ளே மூன்று டன் கண்ணாடியைக் கண்டார்கள். அதில் இரண்டு டன் வெறும் கண்ணாடிக் கட்டி. மிச்சம் ஒரு டன் உடைந்த சாமான். கிண்ணம், குவளை, விளக்கு, பாட்டில் எல்லாம் சில்லுச் சில்லாகக் கிடந்தன. கப்பல் முழுகியபோது உடைந்தவை அல்ல. உடைந்தவற்றைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஊதுகுழாயிலிருந்து தட்டிவிட்ட துண்டுகள், கோணலாகிப் போன கழுத்துகள் என்று பட்டறைக் கழிவும் அதில் இருந்தது. பழைய கண்ணாடியைச் சேர்த்தால் உலையில் சரக்கு சீக்கிரம் உருகும், விறகு கம்மியாகச் செலவாகும். அதனால்தான் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்கிறார்கள்.

ரஹமத்துன்னிசாவுக்கு இது புதுச் செய்தியாகவே படவில்லை. ஆலைக்காரர்கள் அவளிடம் வாங்குவதும் அதே காரணத்துக்காகத்தானே? அவளுக்கு வேறு கேள்வி இருந்தது. அந்த ஒரு டன்னைப் பிரித்தது யார், எத்தனை நாளில் பிரித்தார்கள் என்று கேட்டாள். படித்தவர்கள் பலர் சேர்ந்து, நிறம் பார்த்து, கனம் பார்த்து, வருஷக்கணக்கில் பிரித்தார்கள், லட்சக்கணக்கான சில்லு என்றாள் வினோதினி. ரஹமத்துன்னிசா கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, நம்மைக் கூப்பிட்டிருக்கலாம் என்றாள்.

வினோதினி இன்னும் பழையதையும் சொன்னாள். மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் அதே துருக்கிக் கரையில் முழுகிய வேறொரு கப்பலில் நூற்றெழுபதுக்கு மேல் வட்டக் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. பல கட்டிகள் கரு நீலம். அந்தக் கண்ணாடி எகிப்தில் காய்ச்சியது போலத் தெரிகிறது. அதே மாதிரிக் கண்ணாடியில் செய்த மணிகள் கிரேக்கத்தில் கிடைத்திருக்கின்றன. நம் பக்கத்திலேயே, இலங்கையின் தெற்குக் கரையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் முழுகிய கப்பலிலும் கண்ணாடிக் கட்டிகள் உண்டு. அவை இந்தியாவிலிருந்து போயிருக்கலாம் என்று ஓர் எண்ணம். கண்ணாடியைக் காய்ச்சியவர்கள் ஓர் ஊர்க்காரர்கள், அதை மணியாகவும் கிண்ணமாகவும் செய்தவர்கள் வேறோர் ஊர்க்காரர்கள். இந்தக் கப்பல்கள் முழுகியிருக்காவிட்டால் இது நமக்குத் திட்டமாகத் தெரிந்திருக்காது என்றாள். ஏனென்றால், ஊர் போய்ச் சேர்ந்த கண்ணாடியெல்லாம் உலைக்குள் போய்ச் சுவடு இல்லாமல் கரைந்துவிட்டது.

"காய்ச்சுறவன் ஒருத்தன், ஊதுறவன் ஒருத்தன். நடுவுல இருக்கறவங்கதான் நாங்க," என்றாள் ரஹமத்துன்னிசா.

வினோதினி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வது ரஹமத்துன்னிசாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் முப்பத்தாறு மூட்டை இரவல் தரச் சம்மதித்துவிட்டாள். கலையரசன் விலைக்குக் கேட்டார். ஆலைக்குப் போக வேண்டிய சரக்கு, காட்சி முடிந்ததும் திரும்பி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். சீட்டு எழுதினாள். வெள்ளை பதினான்கு, பச்சை பன்னிரண்டு, பழுப்பு பத்து. சரக்கு: உடைந்த கண்ணாடி, பொறுக்கிச் சுத்தம் செய்தது. இரவல். கலக்காமல் திருப்பித் தரவும். கலையரசன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாள் கழித்து அரசு அலுவலகத்திலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. குடியிருப்போர் பதினாறு பேர் சேர்ந்து கொடுத்த மனுவின் நகல் அதோடு இருந்தது. மக்கள் நடமாடும் பகுதியில் உடைந்த கண்ணாடிக் குப்பையைக் குவித்துவைத்து ஆபத்து விளைவிக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருவோர் முகம் சுளிக்கிறார்கள், குப்பை மேட்டை உடனே அகற்ற வேண்டும். விசாரணைக்கு அதிகாரி நேரில் வருவார், குற்றம் உறுதியானால் பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் சொன்னது. ரஹமத்துன்னிசா எட்டாவது வரை படித்தவள். நிதானமாக இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துகளைப் பார்த்தாள். முதல் கையெழுத்து நீட்டி நெளித்துப் போட்டது. தேதி, அவர் டீ குடித்துவிட்டுப் போன வியாழனுக்கு முந்தின திங்கள்.

திங்கள்கிழமை குப்பை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வியாழக்கிழமை வந்து அதையே இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் அந்த மனுஷன். நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையால் டீ வாங்கிக் குடித்து, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று வேறு சொல்லிவிட்டு! முகத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேனே, ஓரத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று ரஹமத்துன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது என்று காசி இப்போதும் சொல்வான்.

கலீல் ரஹ்மான் சமாதானத்துக்குப் பார்த்தார். பெரிய இடத்தோடு நமக்கு எதற்கு, ஊருக்கு வெளியே எங்காவது தள்ளிப் போய்விடலாம் என்றார். எங்கே போவது? உடைந்த கண்ணாடி கொட்ட யார் இடம் தருவார்கள்? அப்படியே தந்தாலும், முள்ளை வெட்டிப் பாம்பை விரட்டி ஒரு இடத்தை மனுஷன் நிற்கிற இடமாக்கியதும் இன்னொரு கலையரசன் வந்து மூக்கைப் பொத்த மாட்டானா? காசிக்கும் கஸ்தூரிக்கும் என்ன பதில் சொல்வது? கலீல் ரஹ்மான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார்.

மண்டபத் திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. விசாரணை அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. விழாவுக்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அழைப்பிதழ் போனது, கிடங்குக்கு வரவில்லை. வினோதினிதான் போன் செய்து வாருங்கள் அக்கா என்றாள். மனுவைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ரஹமத்துன்னிசா சொல்லித்தான் தெரிந்தது. ரஹமத்துன்னிசா தன் சரக்கு எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போனாள். சண்டை போடுகிற எண்ணம் இல்லை. இருந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்தாள்.

சுவரில் வினோதினி எழுதிய பலகை நன்றாகத்தான் இருந்தது. உடைந்த கண்ணாடியும் விலைமதிப்புள்ள வணிகச் சரக்கு, அதைச் சேர்த்து, பிரித்து, கடல் கடந்து கொண்டுசென்றவர்கள் இல்லையென்றால் அன்றைய கண்ணாடித் தொழில் நடந்திருக்காது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ரஹமத்துன்னிசா அதை வாய்விட்டுப் படித்தாள். கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அவளுக்காக இன்னொரு தடவை படித்தாள்.

பிறகு கப்பலின் வயிற்றைப் பார்த்தாள். வெள்ளை, பச்சை, பழுப்பு மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி வைத்திருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் வண்ண வண்ணமாகத் தெரிய வேண்டுமாம். முப்பத்தாறு மூட்டை போதவில்லையோ என்னவோ, அடியில் மண்டபம் கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் உடைசலைப் போட்டு நிரப்பி, மேலே கண்ணாடியைப் பரப்பியிருந்தார்கள். பீங்கான்! கலக்காமல் என்று எழுதி வாங்கின சீட்டு அவள் பையில்தான் இருந்தது. மூன்று பேர் மூன்று வாரம் குனிந்து பொறுக்கிய சரக்கு நாசமாகிக் கிடந்தது. அதைச் சுற்றி நின்று ஜனம் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் நடந்தது அவள் யோசித்துச் செய்ததல்ல. கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் பார்த்தாள். கை நிற்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தூக்கிக் கடந்து, கப்பலுக்குள் இறங்கி, புர்காவை ஒதுக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வெள்ளை இந்தப் பக்கம், பச்சை அந்தப் பக்கம், டைல்ஸ் பின்னால். கஸ்தூரியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இருவரும் கிடங்கில் இருக்கிறோமா மண்டபத்தில் இருக்கிறோமா என்பதையே மறந்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர், எல்லோர் கையிலும் போன். அவர்கள் இதையும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை கை தட்டியது.

கலையரசன் அசகாய சூரர். ஒரு நொடிகூடத் தடுமாறாமல் மைக்கை எடுத்து, பழங்கால வணிகர்கள் செய்த வேலையை நம் ஊர் உழைப்பாளிகளே நேரடியாகச் செய்து காட்டுகிறார்கள் என்று அறிவித்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, சனி ஞாயிறு வந்து இப்படி உட்கார முடியுமா, பழங்கால உடுப்பு ஒன்று தைத்துத் தருகிறேன் என்று கேட்டார்.

ரஹமத்துன்னிசா மனுவைப் பற்றிக் கேட்டாள்.

"அது வேற விஷயம்மா," என்றார் கலையரசன். "இது கலாச்சாரம்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வாழ்க்கையில் ரஹமத்துன்னிசா பதில் சொல்லாமல் வந்த இடம் அது ஒன்றுதான் என்று கஸ்தூரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நடுத்தர வயசுப் பெண்மணி, வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். மனுக்காரர்கள் பதினாறு பேரில் ஆறு பேர் வந்தார்கள். கலையரசன் முன்னால் நின்றார். வினோதினி யாரும் கூப்பிடாமலே வந்து பின்னால் நின்றாள். கலையரசன் அவளைத் திரும்பிப் பார்த்தார், அவள் அசையவில்லை.

கலையரசன் பேசினார். தனக்கு இந்தம்மாவின் மேல் ஒரு விரோதமும் இல்லை, ஆனால் குப்பை குப்பைதான், குடியிருப்பின் நடுவில் இருக்கக் கூடாது என்றார். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அதிகாரி ரஹமத்துன்னிசாவைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். அவள் பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மனுவையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கையெழுத்து. மூன்று நாள் வித்தியாசம். ஒன்றில் குப்பை, ஒன்றில் சரக்கு.

இது உங்கள் கையெழுத்துதானா என்று அதிகாரி கேட்டார். ஆமாம், ஆனால் மண்டபத்தில் வைத்தது காட்சிக்காக, அது வரலாறு, இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது என்றார் கலையரசன். வரும் வழியில் மண்டபத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்த அதிகாரி பின்னால் திரும்பி, அங்கே சுவரில் இருக்கும் பலகையை எழுதியவர் யார் என்று கேட்டார். வினோதினி கை தூக்கினாள். அந்தக் கப்பலில் இருந்ததும் இந்தக் கொட்டகையில் இருப்பதும் ஒன்றுதானா என்று அவர் கேட்க, ஒன்றுதான், அங்கே பொறுக்கியவர்களின் பேர் நமக்குத் தெரியாது, இங்கே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள் வினோதினி. அந்த மாதத்தோடு அவள் வேலை போனது. பரவாயில்லை அக்கா என்று பிறகு போனில் சொன்னாள்.

அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்ததை ரஹமத்துன்னிசா அப்போதுதான் கலையரசனைப் பார்த்துத் திறந்தாள். கத்தவில்லை. கத்தாமல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை, அதனால் கலீல் ரஹ்மானே கொஞ்சம் பயந்துபோனார்.

"அந்தக் கப்பலு முழுவுச்சு சார். அதனாலதான் உங்க கண்ணுக்குத் தெரியுது. ஒழுங்கா ஊரு போய்ச் சேந்த கப்பலுங்க எத்தினியோ. அதுங்க சரக்கெல்லாம் உலைக்குப் போயிடுச்சு, ஒருத்தனுக்கும் தெரியாது. என் சரக்கு பத்தொம்பது வருசமா ஒழுங்கா போய்ச் சேருது. அதுக்கு இன்னா பண்ணணும்ன்றீங்க? நானும் முழுவணுமா? ஆயிரம் வருசம் தண்ணிக்கு அடியில கெடந்தாதான் மனுசியா மதிப்பீங்களா?"

மற்ற ஐந்து பேரில் ஒருவர் மெல்ல நழுவினார். அதிகாரி எழுதிக்கொண்டே கொட்டகையைச் சுற்றி நடந்தார். கோணிகளைத் தூக்கிப் பார்த்தார், கேட்டில் தொங்கிய கோப்பைப் பிடி என்ன என்று கேட்டார், அவள் சொன்னாள். தெருப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தடுப்பு கட்ட வேண்டும், வெளியே ஒரு சில்லும் சிதறக் கூடாது, கட்டிவிட்டால் இடம் காலி செய்யத் தேவையில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். பின்னால் வந்த உத்தரவில் கிடங்கைக் குப்பை மேடு என்று எங்கும் சொல்லவில்லை. கண்ணாடிச் சரக்கு பிரிக்கும் தொழிலிடம் என்றிருந்தது. ரஹமத்துன்னிசா அதையும் இரண்டு தடவை படித்தாள்.

கோபம் தணிந்தது என்று நினைக்க வேண்டாம். அன்று மாலையே கலீல் ரஹ்மானை ஆட்டோவோடு மண்டபத்துக்கு அனுப்பி முப்பத்தாறு மூட்டையையும் திருப்பி எடுத்து வரச் சொன்னாள். காட்சி இன்னும் ஆறு மாதம் நடக்க வேண்டும் என்று மண்டபத்து ஆட்கள் கெஞ்சினார்கள். சீட்டில் கலக்காமல் என்று இருக்கிறது, கலந்தாயிற்று, அதனால் இரவல் முடிந்தது என்று சொல்லியனுப்பினாள். கப்பலின் வயிறு காலியானது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கொண்டுவந்த சரக்கைக் கொட்டி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முகம் பார்க்காமல் ஓரம் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டு, ஒன்பது நாள். வெள்ளை பதினான்கு, பச்சை பன்னிரண்டு, பழுப்பு பத்து. மூட்டைக் கணக்கு சரியாக வந்தது. எல்லாம் கட்டி முடித்த பிறகும் ஒரு குவியல் மீதி நின்றது. முழுக்க டைல்ஸ் உடைசல், கூடவே மண்டபத்து ஆட்கள் குடித்து உடைத்த இரண்டு காபிக் கோப்பை. காசி அதை அள்ளி ரோட்டோரக் குழியில் கொட்டப் போனான். ரஹமத்துன்னிசா தடுத்து, புதுக் கோணி ஒன்று எடுத்து வரச் சொன்னாள்.

முப்பத்தேழாவது மூட்டையை வாய் தைத்துக் கட்டினாள். பேனா எடுத்து வழக்கம்போலச் சீட்டு எழுதினாள். அடுத்த நாள் காலை மண்டபம் திறக்கிற நேரத்துக்கு, கலீல் ரஹ்மானும் காசியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிவர, அவளே முன்னால் நடந்தாள். ஜனம் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கலையரசன் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். மூட்டையை அவர் காலடியில் இறக்கச் சொல்லி, சீட்டை நீட்டினாள்.

அதில் இப்படி இருந்தது: பீங்கான் உடைசல், ஒரு மூட்டை. பொறுக்கியது ரஹமத்துன்னிசா, கஸ்தூரி, காசி. குப்பை. மண்டபத்துக்குச் சொந்தமானது. திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

கலையரசன் படித்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் அவரையும் மூட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்து போடுங்க சார்," என்றாள் ரஹமத்துன்னிசா. "சீட்டு இல்லாம எங்க கேட்டை எதுவும் தாண்டாது."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இந்தத் தடவை நீட்டவும் இல்லை, நெளிக்கவும் இல்லை. அந்தச் சீட்டு இப்போது கேட்டுக்குப் பக்கத்தில், கோப்பைப் பிடி தொங்குகிற அதே ஆணியில் குத்தியிருக்கிறது.